நர்சம்மா குரல் போனில் வந்தால்: ஊருக்கான சுகாதார ஒலிப்பதிவு தொடங்குவது எப்படி

2004 டிசம்பர் 26 காலை, கடலூருக்கு வடக்கே புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலையில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டாரை உடனே வெளியேறச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் தகவல் மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அங்கே இருந்த ஒலிபெருக்கியில் விஷயத்தை அறிவித்தார்கள். மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள், உயிர்கள் தப்பின.

சுகாதாரத் தகவல் சொல்ல பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் வெளியிடும் ஒலிப்பதிவுத் தொடர், தொடங்கலாமா என்று புதிதாகக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். பேசுவது யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில் இருந்தது. டெங்குவோ சர்க்கரை நோயோ, எதைப் பற்றிப் பேசினாலும் உங்கள் பதிவில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மீதி எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் பேசாதீர்கள்

மைக்குக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். ரேஷன் கடை வரிசை, மீன் ஏலம் முடிந்து அக்காக்கள் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற இடம், நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க உட்கார்ந்திருக்கும் பெஞ்ச். இங்கெல்லாம் போய் உட்காருங்கள். மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் இருப்பவை சில: "சுகர் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?" "பிரஷர் இருக்கறவங்க கருவாடு திங்கவே கூடாதா?" "காய்ச்சல் விட்டுடுச்சு, இனிமே பயமில்ல இல்ல?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். டெங்குவில் ஆபத்து கூடுவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பயமில்லை என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் காதால் கேட்காமல் இருந்திருந்தால், நானும் 'டெங்கு ஒரு வைரஸ் காய்ச்சல்' என்று பாடப்புத்தகம் போலத்தான் ஆரம்பித்திருப்பேன்.

ஊரின் வருடக் கணக்கும் நோட்டில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள். பிரஷர் பரிசோதனை, குடிப்பழக்கம், காசநோய்ச் சளிப் பரிசோதனை பற்றிப் பேச அதைவிட நல்ல காலம் கிடையாது. மே மாதம் வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, கொசு, வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் சருகு கூட்டுகிறவர்களுக்குப் பாம்புக்கடி. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடும் கூட்டத்துக்குக் குடிதண்ணீர் பற்றியும், பிள்ளைகள் தொலையாமல் பார்த்துக்கொள்வது பற்றியும்.

யார் பேசுவது

பெரிய டாக்டர் பேசினால் எடுபடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் கிராம சுகாதார செவிலியர் பேசிய பதிவைத்தான் மக்கள் கடைசிவரை கேட்டார்கள். பிள்ளைக்கு ஊசி போட்டவர், பிரசவத்துக்கு முன் வீடு தேடி வந்தவர் அவர். 'நர்சம்மா' என்றால் தெருவுக்கே தெரியும். அவர் அரசு ஊழியர் என்பதால் பதிவு செய்யும் முன் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சிலர் சில வாரம் இழுப்பார்கள். பொறுமையாகப் போய்ப் பாருங்கள். அனுமதி இல்லாமல் அவசரப்பட்டு வெளியிட்டால் சங்கடம் அந்த அம்மாவுக்குத்தான்.

அனுமதி வரவில்லையா? நீங்களே பேசுங்கள், ஆனால் எழுதியதை அவரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ படித்துக் காட்டிய பிறகு. மருத்துவத் தகவல் உள்ள எந்தப் பதிவையும் மருத்துவமோ செவிலியமோ படித்த ஒருவர் சரிபார்க்காமல் வெளியிட வேண்டாம். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மாத்திரையின் அளவைப் பதிவில் சொல்லவே வேண்டாம். எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதை ஊர் முழுக்கக் கேட்கும் குரலில் சொல்ல முடியாது.

எழுதுவது

ஒரு பதிவு மூன்று நிமிடம், அதிகம் போனால் நான்கு. ஒரு பதிவில் ஒரு காரியம். கேட்டு முடித்தவர் எழுந்து என்ன செய்வார் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி வராவிட்டால் பதிவு இன்னும் தயாராகவில்லை.

பேச்சுத் தமிழில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, சிறு பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பற்றி நாங்கள் வைத்திருக்கும் பதிவை அப்படியே தருகிறேன்.

"அக்கா, தங்கச்சி, எல்லாருக்கும் வணக்கம். நம்ம சப்சென்டர் நர்சு பேசுறேன். புள்ளைக்கு வயித்தால போவுதா? மொதல்ல ஓ.ஆர்.எஸ். தண்ணி. பாக்கெட் சப்சென்டர்ல காசில்லாம கெடைக்கும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. கடையில விக்கிற ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் இருக்குல்ல, அதால ஒரு பாட்டில் அளந்து ஊத்துங்க. காய்ச்சி ஆறுன தண்ணியா இருக்கட்டும். பாக்கெட்ட முழுசா கொட்டிக் கலக்குங்க. பாதி இன்னிக்கு, பாதி நாளைக்குன்னு பிரிக்காதீங்க. கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி குடுங்க. கலக்கின தண்ணிய ஒரு நாளைக்கு மேல வெச்சுக்காதீங்க. தாய்ப்பால நிறுத்தாதீங்க. புள்ள சோந்து போயி, கண்ணு உள்ள போயி, குடிக்கவே மாட்டேங்குதா? ரத்தமா போவுதா? காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. வண்டி இல்லன்னா 108."

இதில் கிருமி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 14 நாள் கொடுக்க வேண்டிய ஜிங்க் மாத்திரையும் இல்லை. அது அடுத்த பதிவுக்கு. நள்ளிரவில் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு இந்த ஒரு வேலை போதும்.

தண்ணி பாட்டில் எப்படி உள்ளே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் எழுதியபோது 'ஒரு லிட்டர் தண்ணி' என்று மட்டும் இருந்தது. ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு ஆயா கேட்டார்: "ஒரு லிட்டருன்னா எத்தன சொம்பு கண்ணு?" வீட்டுக்கு வீடு சொம்பு வேறு. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். அந்த ஒரு கேள்வி எங்கள் பதிவையே மாற்றியது. கடைகளில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது என்பதால் 'பெரிய பாக்கெட்' என்ற சொல்லும் பிறகு சேர்ந்தது. அதனால் வெளியிடும் முன் ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டி, "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

பதிவு செய்வது

உங்கள் கையில் இருக்கும் போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பேனை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் உட்காருங்கள், அல்லது மேசைமேல் கெட்டியான போர்வையை விரியுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் அடிப்பக்கம் இருக்கும். அதை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் 'ப', 'ட' சொல்லும்போது மூச்சு இடிக்காது. கடற்கரையில் நின்று பதிவு செய்ய ஆசை வரும். காற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும், வேண்டாம்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் கணினியில் கிடைக்கிறது. இசை சேர்க்க வேண்டாம். வயதானவர்களுக்குப் பின்னணி இசையோடு பேச்சு விளங்குவதில்லை, சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் யூடியூப் பதிவையே முடக்கலாம். முடித்ததும் மோனோவில் (ஒற்றை ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (ஒலியின் தர அளவு) எம்பி3 ஆக எடுங்கள். நிமிடத்துக்கு அரை எம்.பி.க்கும் குறைவாகவே ஆகும். நான்கு நிமிடப் பதிவு 2 எம்.பி.க்குள் அடங்கும். டேட்டா தீர்ந்துபோகும் மாதக் கடைசியிலும் இது இறங்கும்.

எங்கே போடுவது

கடலூர்ப் பக்கம் நான் பார்த்தவரையில், நடுத்தர வயதுப் பெண்களை அடைய வாட்ஸ்அப், இளைஞர்களுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், வெளிநாட்டில் வேலை செய்கிற ஆண்களுக்குப் பேஸ்புக்கும் யூடியூபும். பாட்காஸ்ட் செயலியைத் தனியாகத் திறந்து கேட்பவர்கள் குறைவு. ஆனாலும் பாட்காஸ்ட்டாக ஏற்றி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் இலவசச் சேவையில் ஏற்றினால் பதிவுகளுக்கு நிலையான ஓர் இடமும் இணைப்பும் கிடைக்கும். எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர் அங்கே கேட்டுவிட்டு அம்மாவுக்கு அனுப்புகிறார். அம்மா அதை நம்புகிறார். மகன் அனுப்பியது ஆயிற்றே.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்குமுன் ஒன்றை யோசியுங்கள். குழுவில் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெண்களின் எண்கள் அறிமுகமில்லாத ஆண்களிடம் போவதை எந்த வீடும் விரும்பாது. அப்படி எண் போய்த் தொல்லைப்பட்ட பெண்கள் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் சேனலில் இந்தச் சிக்கல் இல்லை. பின்தொடர்பவர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் நல்லதுதான், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய், ஒவ்வொருவர் போனிலும் நீங்களே சேமித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாலைப் பொழுது ஆகும், அதன் பலன் வருஷக்கணக்கில் நிற்கும்.

ரீல்ஸ் என்றால் ஒரு நிமிடத்துக்குள். எழுத்தும் ஓட வேண்டும். டவுன் பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் அதிகம், காது கேளாதவர்களுக்கும் அதுதான் வழி. பயமுறுத்தும் படங்களை முகப்பில் போட வேண்டாம். இணையத்துக்கு வெளியே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி போன்ற சமுதாய வானொலிகளும் இருக்கின்றன. உங்கள் பதிவு சுத்தமாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தேதி, தேதி, தேதி

எங்கள் முதல் வருஷத்தில் ஒரு கண் பரிசோதனை முகாமுக்காக 'வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு' என்று பதிவு செய்து அனுப்பினோம். முகாம் நடந்து முடிந்தது. மூன்று வாரம் கழித்தும் அந்தப் பதிவு கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முதியவர்கள் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டியிருந்த பள்ளிக்கூட வாசலில் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து, நாள் குறித்த அறிவிப்பு எதுவானாலும் தேதி, மாதம், வருஷம் மூன்றையும் குரலிலேயே சொல்கிறோம், ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும். முகாம் முடிந்த அன்று மாலையே 'முகாம் முடிந்தது' என்று அதே இடங்களில் இன்னொரு சின்னப் பதிவு. தவறான தகவல் போய்விட்டால் ஓசையில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே இறக்கிவைத்தவர்கள் போனில் அது இருக்கும். 'போன பதிவில் நாங்கள் சொன்னது தப்பு, சரியானது இது' என்று அதே குரலில் திருத்தம் சொல்லுங்கள்.

வதந்தி வந்தால்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யான குரல் பதிவுகளைக் கேட்டுப் பயந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்த பெற்றோர் பலர். தமிழ்நாட்டில் முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. குரலுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மறுப்புப் பதிவில் வதந்தியை முதலில் சொல்லாதீர்கள். பாதி கேட்டு நிறுத்துபவர் மனதில் அதுவே தங்கும். உண்மையில் தொடங்கி, நடுவில் வதந்தியை ஒரே வரியில் தொட்டு, மறுபடி உண்மையில் முடியுங்கள். பொய்யான பதிவையே 'இது பொய்' என்று எழுதி அனுப்புவதும் வேண்டாம். அடுத்தவர் அனுப்பும்போது உங்கள் எழுத்து கூடவே போகாது. அந்தப் பயத்தோடு இருப்பவர்களை அறிவில்லாதவர்கள் என்ற தொனியில் பேசவே கூடாது. தன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிற தாயிடம் பேசுகிறோம்.

மற்றவர் கதை

நோயிலிருந்து மீண்டவர் பேசினால் ஊரே கேட்கும். ஆனால் பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 'மேட்டுத்தெருவில் மீன் விற்கிற அக்கா' என்றால் கடலூர் முதுநகரில் அது யார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். குரலே காட்டிக்கொடுக்கும். காசநோய், மனநோய், கருத்தடை பற்றிய அனுபவங்களை வேறொருவர் குரலில், ஊர், தொழில், குடும்ப விவரங்களை மாற்றிச் சொல்லுங்கள். மாற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. நிலையை ஒருவருடைய சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சம்மதம் கொடுத்தவர் பிறகு மனம் மாறி 'எடுத்துடு தம்பி' என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

தனிப்பட்ட முறையில் நோயைச் சொல்லி மருந்து கேட்பார்கள், நிறையவே கேட்பார்கள். பதில் சொல்லும் ஆசையை அடக்கி, 104 எண்ணைக் கொடுங்கள். அது தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். மனம் உடைந்து பேசுகிறவர்களுக்கு 14416. இரண்டையும் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெயர் வந்ததும் விளம்பரம் தேடி வரும். 'சர்க்கரையை அடியோடு குணமாக்கும்' லேகியத்துக்கு நல்ல பணம் கொடுப்பார்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரணச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், உங்களை நம்பி மாத்திரையை நிறுத்துபவர் யாரோ ஒரு அத்தையாக இருப்பார்.

மழைக்கு முன்

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். மாதம் ஒருமுறை நர்சம்மாவைக் கேளுங்கள்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வந்தவர்கள் கூடியிருக்கிறார்களா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் சளிப் பரிசோதனைக்குத் தாங்களாகவே வருகிறார்களா என்று. அதுதான் உங்கள் கணக்கு.

2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அதன்பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் என்று கடலூருக்கு மழைக்காலம் எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போகும், டவர் போகும். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் ஐந்து பதிவுகளைத் தயாராக வைத்துவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது. ஓ.ஆர்.எஸ். கலக்குவது. வெள்ளத் தண்ணீரில் நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலோ என்று உடனே டாக்டரிடம் காட்டுவது. பாம்பு கடித்தால் கட்டாமல், கீறாமல், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது. வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, கொசு முட்டை ஒட்டியிருக்கும் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவது.

ஐந்தையும் நான்கைந்து பென்டிரைவில் ஏற்றுங்கள். ஒன்று கோயில் மைக்செட்காரரிடம், ஒன்று பள்ளிவாசலில், ஒன்று சர்ச்சில், ஒன்று மீன் ஏலக்கூடத்தில், ஒன்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வைத்திருக்கும் அண்ணனிடம். கொடுக்கும்போதே அவர்கள் பெட்டியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய பெட்டிகளில் சில பென்டிரைவ்கள் ஓடுவதில்லை.